அது வெறும் முருங்கை இல்லை சார்

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் போன பதிவிலேயே எழுதிவிட்டேன். மறுபடி விவரிக்கத் தெம்பில்லை. எங்கள் அபார்ட்மெண்ட் காம்பவுண்டில் நான் நட்ட முருங்கையை, நான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, குடியிருப்புக் கமிட்டிக்காரர்கள் வேரோடு தோண்டி எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். இன்று எழுதுவது அதற்குக் கீழே வந்த கமெண்டுகளுக்காக. "ஒரு முருங்கைக்கு இவ்வளவு ஒப்பாரியா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்குச் சிரிப்பு எமோஜிகள் வேறு.

ஒப்பாரிதான். வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆயா, அதாவது அப்பாவின் அம்மா, வாக்கப்பட்ட ஊர் இப்போது கிடையாது. 1950களின் கடைசியில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்க ஊர் ஊராகக் காலி செய்தபோது அதுவும் போனது. கொல்லை, கிணறு, குலசாமி மேடை எல்லாம் சுரங்கப் பள்ளத்துக்குள். ஆயா கிளம்பும்போது கொல்லை முருங்கையில் கைத் தடிமனுக்கு ஒரு போத்து, அதாவது நட்டால் தழைக்கும் கிளைத்துண்டு, வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, சட்டி பானையோடு மாட்டுவண்டியில் போட்டு எடுத்து வந்தது. பண்ருட்டிப் பக்கம் குடியேறிய இடத்தில் நட்டு, மேல் வெட்டில் பசுஞ்சாணியை உருண்டையாக அப்பி வைத்தது. அப்படி அப்பினால் நுனி வெயிலில் காயாது, மழைநீர் இறங்கி அழுகாது. அந்த மரத்துப் போத்து சித்தப்பா வீட்டுக்குப் போய், அங்கிருந்து எங்கள் அபார்ட்மெண்ட் காம்பவுண்டுக்கு வந்தது. அன்றைய செயலாளரிடம் கேட்டுத்தான் நட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"பி.கே.எம். 1 விதை போடுங்க, ஆறு மாசத்துல காய்க்கும்" என்று ஒருவர் ஆலோசனை. தெரியும் சார். பெரியகுளத்தில் உருவாக்கிய நல்ல ரகம். ஆனால் விதையில் முளைப்பது அடுத்த தலைமுறை. போத்தில் தழைப்பது அதே மரம். அதே மரம்! சுரங்கத்துக்குள் போன கொல்லையில் நின்றதன் உடம்புதான் இங்கே நின்றது. சென்டிமென்ட் என்று சொல்பவர்கள் பள்ளிக்கூடத் தாவரவியலை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

சரி, மரத்தை எடுக்கச் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன். முதலில் கம்பளிப்பூச்சி. ஆமாம், மழைக்காலத்தில் அடிமரத்தில் அடை அடையாக அப்பும். மேல்வீட்டுக் குழந்தைக்குக் கை தடித்தது, எனக்கும் வருத்தம்தான். பந்தம் காட்டினால் போகிற பூச்சிக்கு மரத்தையே எடுப்பதா? கிளை முறிந்து கார் மேல் விழுமாம். காரை ரெண்டு அடி தள்ளி நிறுத்துங்களேன். இதில் உச்சம், "வாசல்ல முருங்கை ஆகாது, வேதாளம் ஏறும்" என்றவர்தான். அவர்தான் தினமும் விடியற்காலையில் வாட்ஸப் குழுவில் முருங்கைக்கீரை சூப்பின் மகிமையை ஃபார்வர்டு செய்கிறவர். சூப்புக்கு இதுவரை எந்த மரத்தில் கீரை பறித்தார் என்று நான் கேட்கமாட்டேன்.

"சித்தப்பா வீட்டில்தான் மரம் இருக்கே, இன்னொரு போத்து வைக்கலாமே." வைக்கலாம். வைப்பேன். ஆனால் நான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து வெட்டியதற்கு இது பதிலா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வெட்டச் சொன்னவர் வீட்டு ஹாலில் அவர் தாத்தா தலைப்பாகையோடு உட்கார்ந்திருக்கும் படம் உண்டு. பக்கத்தில் ஃபிரேம் போட்ட வம்சாவளி. காபி குடித்துக்கொண்டே அந்தக் கதையெல்லாம் நானும் கேட்டிருக்கிறேன், 'அப்படியா அப்படியா' என்று. நாளைக்கு அந்த ஃபிரேமில் கரையான் ஏறினால் கொளுத்திவிடுவாரா?

எங்களிடம் ஆயாவின் படம் ஒன்றுகூட இல்லை. முந்திரிக் கொல்லையில் கூலி வேலை பார்த்தவர்களுக்கு ஏது பட்டா, ஏது வம்சாவளி? ஊர் காலியானபோது அப்பா சின்னப் பையன். இங்கே வந்தால் அந்த முருங்கையடியில் நின்றுதான் அவருக்கு ஊர் ஞாபகமே வரும். "இதுக்குக் கிழக்கால பெரியாயா வீடு. இப்படிக்கா போனா கிணறு. இங்கதான் உரல் கிடந்துச்சு" என்று காம்பவுண்டுச் சுவரைக் காட்டி, ஜெனரேட்டரைக் காட்டிச் சொல்லுவார். எனக்குத் தெரிந்த ஊர் முழுக்க அவர் அப்படிக் கை நீட்டிக் காட்டியதுதான். என் மகள் அதை ஒரு நோட்டில் வரைந்துகூட வைத்திருக்கிறாள். இதைப் போய் ஒப்பாரி என்கிறீர்கள்.

பொங்கலுக்கு அப்பா வருகிறார். நான் எதுவும் சொல்லப்போவதில்லை. கமிட்டியில் யாராவது ஒருவர் கீழே இறங்கி வந்து, கம்பளிப்பூச்சி, கார், வேதாளம் எல்லாவற்றையும் அவரிடமே விளக்கட்டும்.