சான்றிதழ் இருக்கிறது, கைப்பழக்கம்?

நவீன தொழிற்சாலைகளுக்கு ஆள் தட்டுப்பாடு, பயிற்சி நிலையங்களைக் கூட்டினால் தீரும் என்கிறது நான் வாசித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி. திருகோணமலையில் சீனக்குடாப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பகுதியில் வேலை செய்கிறேன். போன மாதம் மூட்டை கட்டும் லைன் நின்றுவிட்டது. என்.வி.கியூ. 4 (தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழின் நாலாம் மட்டம்) முடித்து வந்த தம்பி நேரே மோட்டாரைக் கழற்றப் போனான். 'பொறு, முதலில் பிஎல்சியைப் பார்' என்றேன். லைனை இயக்கும் சிறு கணினிதான் பிஎல்சி. அதில், பொருள் வருவதை உணரும் சென்சருக்கான உள்ளீட்டு விளக்கு எரியவில்லை. சென்சர் கண்ணாடியில் மாவுபோலத் தூசி. துணியால் துடைத்தோம், லைன் ஓடியது. பிஎல்சி என்றால் என்னவென்று அவன் அழகாகச் சொல்வான். ஆனால் படித்த இடத்தில் 20 பேருக்கு ஒன்றுதானாம், தொட்டே பார்த்ததில்லை. கெட்டிக்காரப் பிள்ளை, குறை அவனிடம் இல்லை.

1959 இல் தொடங்கி, இப்போது மொரட்டுவையில் இருக்கும் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனமான ஜேர்மன் டெக்கின் பெயர் இன்றும் நிற்பது பட்டறையில் கை அழுக்காகப் பழக்கியதால்தான். கிளிநொச்சி அறிவியல் நகரிலும் ஜேர்மன் உதவியில் அப்படி ஒரு பயிற்சி நிறுவனம் வந்தது. எங்கள் மாவட்டப் பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று நாளாவது இங்குள்ள தொழிற்சாலைகளிலேயே பழக இடம் வேண்டும், பஸ் காசோடு. அப்புறம் இயந்திரக் கையேடுகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. அதை வாசிக்கப் பழக்காமல் தமிழில் குறிப்பு மட்டும் கொடுத்து அனுப்புவது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். நிர்வாகங்கள் கேட்டால் என்னைப் போன்ற பழைய ஆட்கள் சனிக்கிழமைகளில் வந்து சொல்லிக்கொடுக்கத் தயார்.