அழுத நர்ஸைக் கண்டிக்காதீர்கள்

ஒரு நோயாளி இறந்ததும் வார்டில் என்ன நடக்கும் என்று வெளியில் இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. டாக்டர் பரிசோதித்து, நேரத்தை எழுதிவிட்டுப் போவார். அப்புறம் எல்லாம் செவிலியர் கையில். கையிலிருக்கும் ஊசி, மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். கண்களை மூடி, உடம்பைத் துடைத்து, அடையாளச் சீட்டைக் கட்ட வேண்டும். "ஐயா, இந்தப் பக்கம் திருப்புறேன்" என்று உயிரோடு இருப்பவரிடம் பேசுவது போலவே பேசிக்கொண்டு இதைச் செய்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான். துடைத்து முடிப்பதற்குள் பக்கத்துப் படுக்கைக்கு மருந்து போடும் நேரம் வந்துவிடும்.

அந்த நர்ஸுக்கும் துக்கம் இருக்கும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. சொந்தமா பந்தமா, வேலைதானே என்பார்கள். வாரக்கணக்கில் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, ராத்திரி பயத்தில் கையைப் பிடித்துக்கொண்டவரைப் பறிகொடுப்பது அவ்வளவு லேசானதா? சுற்றியிருப்பவர்கள் துக்கம் என்றே ஒப்புக்கொள்ளாத துக்கங்களைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989-லேயே எழுதிவிட்டார். எங்கள் ஓய்வறைகளுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. கண் கலங்கினால் "இப்படி இருந்தா எப்படி வேலை பார்ப்ப?" என்ற கேள்விதான் வருகிறது.

இதில் நஷ்டம் நர்ஸுக்கு மட்டும் இல்லை. தன் அழுகையை அடக்கியே பழகியவர், அடுத்தவர் அழும் இடத்தில் நிற்க முடியாமல் நகர்ந்துவிடுவார்.

படிப்பிலும் ஒரு கோளாறு உண்டு. மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று துக்கத்தின் ஐந்து நிலைகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் அதைச் சொன்னது, தீராத நோயில் சாவை எதிர்நோக்கி இருந்தவர்களிடம் பேசி. அதைக் கொண்டுபோய் இழந்தவர்கள் மேல் படிக்கட்டு மாதிரி பொருத்திவிட்டோம். ஸ்ட்ரோபே, ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-ல் சொன்னதுதான் நான் வார்டில் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது: துக்கத்துக்குள் போவதும், அன்றாட வேலைக்குத் திரும்புவதும், மறுபடி உள்ளே போவதுமாகத்தான் மனம் இருக்கும். அம்மா இறந்து அரை மணி நேரத்தில் பில் எவ்வளவு என்று கேட்கும் மகனைக் கல்நெஞ்சன் என்று நினைக்காதீர்கள். அந்த ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நின்றுகொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொல்லுங்கள், போதும்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த ஜோனதன் பார்டெல்ஸ் என்ற நர்ஸ் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். காப்பாற்றப் போராடிய எல்லாரும், நோயாளி இறந்ததும் படுக்கையைச் சுற்றிச் சிறிது நேரம் மௌனமாக நிற்பார்கள். டாக்டரும் உண்டு. காசு செலவில்லாத இதையாவது எல்லா இடத்திலும் செய்யலாம்.

வார்டு இன்சார்ஜ்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. இறந்தவரைக் கவனித்த நர்ஸுக்கு, அவர் கை கழுவி முகம் கழுவி வரும்வரை, புது அட்மிஷன் கொடுக்காதீர்கள். அவருடைய மற்ற படுக்கைகளைப் பத்து நிமிடம் வேறு ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். முதல் மரணத்தைப் பார்க்கும் மாணவியைத் தனியாக உடலோடு விடாமல், சீனியர் ஒருவர் கூட நின்று துடைக்கட்டும்.