நடுவில் ஒரு க்

தங்கை மகளுக்கு வேலை கிடைத்த மகிழ்ச்சியில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'வாழ்த்துக்கள்' என்று எழுதிவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பெரியப்பா வீட்டு அண்ணன் வந்துவிட்டார்: "வாழ்த்துகள் என்பதே சரி. நடுவில் 'க்' போட்டால் குடிக்கிற கள்ளாகிவிடும்!" அந்தப் பெண்ணுக்கு ஒரு வாழ்த்து? கிடையாது. 'வாழ்த்து' மாதிரி 'த்து', 'ட்டு' என்று முடியும் சொற்களுக்கு (இலக்கணத்தில் வன்தொடர்க் குற்றியலுகரம்) பின்னால் 'கள்' வந்தால் நடுவில் 'க்' மிகுமா என்பதில் தமிழாசிரியர்களே இரண்டு கட்சி. இவர் தீர்ப்பே எழுதிவிட்டார்.

போன மாதம் மாமாவின் இறப்புச் செய்தியில் 'இறுதி சடங்கு' என்றிருந்ததற்கு, ஆழ்ந்த இரங்கலுக்கு முன்பாகவே 'ச்' போட்டு அனுப்பியவரும் இவர்தான். அதிலும் 'சந்தி பிழை' என்று எழுதியிருந்தார், 'ப்' இல்லாமல். துக்க வீடாயிற்றே என்று விட்டுவிட்டேன். இன்னும் கை அரிக்கிறது.