கண்ணை மூடியிருந்தால் தூக்கம்தானா?

நான் கண்ணை மூடி உட்கார்ந்திருந்ததைப் போட்டோ எடுத்து மாமா போட்ட அந்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் சிரிப்பு பொம்மையும் அனுப்பியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. "ஸ்டடி லீவு ஜோரா நடக்குது" என்று மாமா எழுதியிருந்த அந்தப் போட்டோவில் நான் தூங்கவில்லை. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ஓடும் தண்ணீரின் வேகத்தையும் அழுத்தத்தையும் இணைக்கும் பெர்னூலி சமன்பாட்டின் அனுமானங்களை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். ஓட்டம் நேரத்தோடு மாறக் கூடாது, அடர்த்தி மாறக் கூடாது, உராய்வு இருக்கக் கூடாது. நாலாவது வரவில்லை. அதைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் கிளிக்.

புத்தகத்தை மூடிய பிறகுதான் படிப்பே ஆரம்பிக்கிறது. இது நானாகச் சொல்வதல்ல. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்தே சோதித்து 2006-இல் வெளியிட்டார்கள். ஒரு குழு ஒரு பாடப்பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொரு குழு முதலில் மட்டும் வாசித்துவிட்டு, அப்புறம் பார்க்காமல் எழுதி எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடத்தில் கேட்டபோது வாசித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. செமஸ்டர் பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லைங்க மாமா.

"எங்க காலத்துல சத்தம் போட்டுப் படிச்சோம், மார்க் வாங்கலையா?" என்பீர்கள். வாங்கினீர்கள். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி உருப்போட்டது மறுநாள் காலை வரை தாங்கும். அடுத்த செமஸ்டரில் அதே பாடத்தின் மேல் இன்னொரு பாடம் வந்து உட்காரும்போது என்ன செய்வது? ஒரே ராத்திரியில் ஐந்து மணி நேரம் உட்காருவதை விட, அதையே நாள் இடைவெளி விட்டுப் பிரித்துப் படித்தால் அதிக நாள் நிற்கும். அதனால்தான் திங்கள் படித்ததை வியாழக்கிழமை பார்க்காமல் எழுதுகிறேன். "படிச்சதையே படிக்கறா" என்று அதற்கும் ஒரு பேச்சு.

போன் பார்ப்பதில்லையா என்று கேட்பவர்களுக்கு: பார்க்கிறேன். நீங்களும்தான். அடுத்தது.

என் அமிச்சி, அம்மாவைப் பெற்றவர், பள்ளிக்கூடம் போனதில்லை. சாயங்காலம் வந்து உட்கார்ந்து "இன்னைக்கு என்ன கண்ணு படிச்சே, சொல்லு" என்பார். தண்ணீரின் வேகம் கூடுகிற இடத்தில் அழுத்தம் குறையும் என்றேன். "தோட்டத்துல பைப்பு வாயை வெரல்ல அழுத்திப் புடிச்சாத்தானே வேகமாப் பாயுது? அப்பொறம் எப்பிடி அழுத்தங் கொறையும்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. விரல் வைத்தால் அடைப்புக்குப் பின்னால் குழாய்க்குள் அழுத்தம் ஏறுகிறது, சந்து வழியாகத் தண்ணீர் வெளியே சீறும்போதுதான் அந்த அழுத்தம் வேகமாக மாறுகிறது என்று புத்தகத்தைத் திரும்ப எடுத்துத்தான் சொல்ல முடிந்தது. செமஸ்டர் பரீட்சையின் பதிமூன்று மார்க் கேள்வி எதுவும் என்னை இப்படித் திணறடித்ததில்லை.

"வீட்ல இருந்தா படிப்பு ஏறாது, ஹாஸ்டல்ல போடுங்க" என்று அப்பாவிடம் சிபாரிசு வேறு. எங்கள் ஊரில் விடியும் முன்பே தறி ஓட ஆரம்பித்துவிடும். அந்தச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒரே சீராக ஓடும் சத்தத்தை விட, அர்த்தம் புரிகிற பேச்சுதான் கவனத்தை அதிகம் கலைக்கும். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் எனக்குப் பயம். வேலையில்லாமல் எல்லோரும் ஆசாரத்துக்கு, அதாவது வீட்டுக் கூடத்துக்கு, வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அப்புறம், "அம்மிணி சும்மாத்தானே இருக்கே, ஒரு டீ போடு". கேஸ்காரர் வந்தால் நான், பால் சொசைட்டிக்கு நான், பக்கத்து வீட்டு ஆதார் திருத்தத்துக்கும் நான்.

அண்ணன் படித்ததும் இதே வீட்டில்தான். அப்போது உள் ரூமைச் சாத்திக்கொடுத்து, டிவி சத்தத்தைக் குறைத்து, தட்டுகூட உள்ளேயே போனது. அவன் கண்ணை மூடியிருந்தால் "பையன் யோசிக்கறான், சத்தம் போடாதீங்க". அதே மாமாதான் சொன்னார்.

"விளையாட்டுக்குப் போட்டதுக்கு இவ்வளவு பெரிய பதிவா?" என்று கமெண்டில் வரும், தெரியும். போடுங்கள். அந்த நாலாவது அனுமானம், ஒரே ஓட்டக்கோட்டின், அதாவது தண்ணீர்த் துளி ஓடும் பாதையின், வழியாகத்தான் பார்க்க வேண்டும் என்பது. இனி மறக்காது.