ஆட்சேபணை சொல்ல எதற்குக் கட்டணம்?

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அம்மாவின் இமாடினிப் மாத்திரை அட்டைகளை அதில்தான் வைப்போம். 400 மில்லிகிராம், நாளைக்கு ஒன்று, மதியம் சாப்பிட்ட கையோடு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு. கடைசி அட்டையைப் பிரிக்கும்போதே "அடுத்தது வாங்கிடுப்பா" என்று சொல்லிவிடுவார். 2010-இல் டாக்டர் சிஎம்எல் என்றார். ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. 2023-இல் பதின்மூன்று வருடம் ஆகிவிட்டது. அந்த வருட ஆடிப்பெருக்குக்கும் சித்ரான்னம் எல்லாம் அவர்தான் கிளறினார்.

ஒரு கம்பெனிக்குக் காப்புரிமை, அதாவது ஒரு பொருளை அது மட்டுமே விற்கும் உரிமை, கொடுப்பதற்கு முன் ஆட்சேபணை சொல்பவர்களிடம் கட்டணம் கேட்கிறது மத்திய அரசு 2023 ஆகஸ்டில் வெளியிட்ட காப்புரிமை விதித் திருத்த வரைவு. அதைப் படித்ததிலிருந்து அந்த டின்தான் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் இந்த நீளப் பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

இந்த மாத்திரையை சுவிஸ் கம்பெனி நோவார்ட்டிஸ் 'கிளிவெக்' என்ற பெயரில் விற்றது. ஒரு மாதத்துக்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாய். அதே மருந்தை நம் ஊர் கம்பெனிகள் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கொடுத்தன. அப்பாவின் அன்றைய மாதச் சம்பளம் பதினெட்டாயிரம். பத்தாயிரம் என்றால் கடனை உடனை வாங்கியாவது சமாளிக்கலாம். ஒரு லட்சத்து இருபதாயிரம் என்றால் அம்மாவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது.

அந்த மருந்துக்கு நோவார்ட்டிஸ் காப்புரிமை கேட்ட விண்ணப்பத்தை 2006 ஜனவரியில் நிராகரித்தது நம் சென்னை காப்புரிமை அலுவலகம்தான். காப்புரிமை கொடுப்பதற்கு முன்பே சிலர் ஆட்சேபணை போட்டிருந்தார்கள். உள்ளூர் மருந்துக் கம்பெனிகளோடு, புற்றுநோயாளிகளுக்கு உதவும் மும்பை சங்கம் ஒன்றும் அதில் இருந்தது. ஏற்கெனவே தெரிந்த மருந்தின் புதிய வடிவம்தானே, இதற்கு எப்படி இருபது வருட ஏகபோகம் என்று கேட்டார்கள். வழக்கு மெட்ராஸ் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போய், 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி நோவார்ட்டிஸ் தோற்றது. தீர்ப்பு எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஏழு வருடம் முன்னால் மேஜையில் வைக்கப்பட்ட அந்த ஆட்சேபணைகளை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

காப்புரிமைச் சட்டத்தின் 25(1) பிரிவு, விண்ணப்பம் வெளியானதும் 'எந்த நபரும்' எதிர்ப்புத் தெரிவிக்கலாம் என்கிறது. உங்களுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்க முடியாது. 2024 வரை பணமும் கட்ட வேண்டியிருக்கவில்லை. உலக வர்த்தக ஒப்பந்தத்துக்காக 2005-இல் மருந்துக்கே காப்புரிமை கொடுக்க ஒத்துக்கொண்டபோது, நாடாளுமன்றம் யோசித்து வைத்த பாதுகாப்பு இது.

வரைவு என்ன செய்தது? இனி ஆட்சேபணைக்குக் கட்டணம் உண்டு என்றது. அதோடு, ஆட்சேபணையை முதலில் எடுத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று கன்ட்ரோலர் (காப்புரிமை அலுவலகத்தில் முடிவெடுக்கும் அதிகாரி) முடிவு செய்வார் என்றது. எடுத்துக்கொண்டால்தான் விண்ணப்பதாரருக்கு நோட்டீஸே போகும். எதை வைத்து முடிவு செய்வார் என்பதற்கு வரைவில் தெளிவான அளவுகோல் இருக்கவில்லை. சட்டம் 'எந்த நபரும்' என்று திறந்து வைத்த கதவுக்கு விதியின் மூலம் ஒரு காவலாளியையும் ஒரு டிக்கெட் கவுன்டரையும் போட்டார்கள். நாடாளுமன்றம் கொடுத்ததை ஒரு துறை விதி எழுதிச் சுருக்குவது எப்படிச் சரி?

இந்த ஆட்சேபணை உரிமையை யார் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஃபுமேசா டிசிலே. இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். சிகிச்சைக்குப் போட்ட மருந்தின் பக்கவிளைவால் இருவருக்கும் காது கேட்காமல் போனது. அந்தப் பழைய ஊசிகளுக்குப் பதிலாகக் கொடுக்கக்கூடிய மாத்திரை பெடாகுவிலின். அதன் உப்பு வடிவத்துக்கும் (அதே மருந்தின் இன்னொரு வேதி வடிவம்) காப்புரிமை வாங்கி, 2027 வரை ஏகபோகத்தை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் விண்ணப்பித்திருந்தது. இந்த இரண்டு பெண்களும் 2019-இல் ஆட்சேபணை போட்டார்கள். 2023 மார்ச் 23-ஆம் தேதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மூல காப்புரிமையும் ஜூலையில் முடிந்தது. அந்த நிராகரிப்புக்குப் பின் ஐந்தே மாதத்தில் இந்த வரைவு வந்து நின்றது.

வரைவை ஆதரிப்பவர்கள் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. போட்டிக் கம்பெனிகள் யாரோ ஒருவர் பெயரில் பினாமி ஆட்சேபணை போட்டு, விண்ணப்பத்தை வருடக்கணக்கில் இழுத்தடிப்பதும் நடக்கிறது. அப்படிச் சந்தேகத்துக்கு உள்ளான ஒருவரின் மனுவை மும்பை உயர் நீதிமன்றம் 2020-இல் செலவுத்தொகை கட்டச் சொல்லித் தள்ளுபடி செய்தது. சரி, அப்படித் தள்ளுபடி செய்யும் வழி ஏற்கெனவே இருக்கிறதே. பினாமி ஆள் வைக்கும் கம்பெனிக்குக் கட்டணம் ஒரு பொருட்டா? அது தடுப்பது நோயாளிகளையும் அவர்களின் சிறு சங்கங்களையும்தான்.

ஃபாரம் 27-ஐப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என் தொழிலோடு ஒட்டிய விஷயம். காப்புரிமை வாங்கிய கம்பெனி, அந்தப் பொருளை இந்தியாவில் தயாரிக்கிறதா, இறக்குமதி செய்கிறதா, எவ்வளவு என்று 2024 வரை வருடா வருடம் கணக்குக் காட்டிய படிவம் அது. வரைவின்படி மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதுமாம். நான் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுத்துப் பிழைப்பவன். எங்கள் தெரு ஹார்டுவேர் கடைக்காரர் ஆணி விற்ற கணக்கைத் தவணை தவறாமல் காட்டுகிறார். ஏகபோக உரிமை வாங்கிய கம்பெனிக்கு வருடம் ஒரு படிவம் பாரமா? 2012-இல் பேயர் கம்பெனியின் 'நெக்ஸாவர்' புற்றுநோய் மருந்துக்குக் கட்டாய உரிமம் (காப்புரிமை உள்ள மருந்தை வேறு கம்பெனியும் தயாரிக்க அரசு தரும் அனுமதி) கொடுத்தபோது இந்தப் படிவக் கணக்கும் உதவியது. தேவைப்பட்டவர்களில் மிகச் சிலருக்கே மருந்து போய்ச் சேர்ந்தது தெரிந்தது. மாதம் 2,80,000 ரூபாய்க்கு மேல் இருந்த மருந்தை நம் ஊர் கம்பெனி நாட்கோ 8,800 ரூபாய்க்குக் கொடுக்க முன்வந்தது. மூன்று வருடம் கழித்து வரும் கணக்கு அந்த மூன்று வருடத்து நோயாளிகளில் எத்தனை பேருக்குப் பயன்படும்?

காப்புரிமை விண்ணப்பத்தைப் பரிசீலிக்கச் சொல்லிக் கேட்கும் கெடுவை வரைவு 48 மாதத்திலிருந்து 31 ஆகக் குறைத்தது நல்ல விஷயம். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

வரைவைப் பற்றிக் கருத்துச் சொல்ல 30 நாள்தான் கொடுத்திருந்தார்கள். 2023 செப்டம்பர் மூன்றாம் வாரத்தோடு அது முடிந்தது. என்னுடையதை அப்போதே அனுப்பிவிட்டேன். மூன்றே விஷயம்: ஆட்சேபணைக்குக் கட்டணம் வேண்டாம், ஏற்பதா வேண்டாமா என்ற முன்தீர்மானம் வேண்டாம், ஃபாரம் 27 வருடா வருடமே இருக்கட்டும்.