பஸ் என்றால் 3.7 கார்

சிவில் முடித்துவிட்டு எம்.இ. டிரான்ஸ்போர்ட்டேஷன் சேரலாமா என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லும் பதில், தாராளமாகச் சேருங்கள். ஸ்ட்ரக்சுரல் எடுத்தால்தான் மரியாதை என்று ஹாஸ்டலில் ஒரு பேச்சு ஓடும், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். சிவிலில் மனுஷனின் நடத்தை இந்த அளவுக்குக் கணக்குக்குள் வரும் பாடம் வேறு எனக்குத் தெரிந்து இல்லை. கான்கிரீட் அவசரப்படாது, ஹார்ன் அடிக்காது, ராங் சைடில் வராது.

பாடமும் ருசியானது. ஜப்பானில் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டத்தில் 22 கார்களை விட்டு, எல்லாரும் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள் என்றார்கள். சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை, குறுக்கே ஒரு மாடுகூட இல்லை. கொஞ்ச நேரத்தில் தானாக ஒரு ஜாம் முளைத்து, வண்டிகள் போகும் திசைக்கு எதிராகப் பின்னோக்கி நகர ஆரம்பித்தது. 2008ல் வெளியான ஆய்வு. நெரிசல் அலைபோலப் பின்னால் பரவும் என்பதை லைட்ஹில், விட்ஹாம் என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1955லேயே சமன்பாட்டில் எழுதிவிட்டார்கள். ஜிஎஸ்டி ரோட்டில் காரணமே தெரியாமல் நின்று, காரணமே தெரியாமல் கிளம்பியவர்களுக்கு இதைப் படிக்கும்போது ஒரு தனி திருப்தி கிடைக்கும்.

ஆனால் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, எல்லா வண்டியையும் காரில் எண்ணும் ஒரு அளவுகோலைக் கையில் கொடுத்துவிடுவார்கள். என் புகார் அதன் மேல்தான்.

முதலில் கிரீன்ஷீல்ட்ஸ். 1930களில் அமெரிக்காவின் ஒஹையோவில் ரோட்டோரம் கேமரா வைத்துப் படமெடுத்து, அடர்த்தி கூடக்கூட வேகம் நேர்கோட்டில் குறைகிறது என்றவர். பரீட்சையில் இது இனாம் மார்க். தடையில்லாத வேகம் 80 கி.மீ., ஜாம் அடர்த்தி கி.மீட்டருக்கு 120 வண்டி. பெருக்கி நாலால் வகு, அதிகபட்சம் மணிக்கு 2,400 வண்டி போகும், அடுத்த கேள்விக்குப் போ. இதில் ‘லேன்’ என்று ஒன்று இருக்கிறது, வண்டிகள் அதில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன என்று வைத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு நிற்கும். நம்மூரில் ஒரு காருக்குப் பக்கத்தில் மூன்று டூவீலர் நிற்கிறது, இடுக்கில் நாலாவது மூக்கை நுழைக்கிறது. ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் வி. தமிழ் அரசன் போன்றவர்கள் லேனை ஓரம் வைத்துவிட்டு, ரோட்டின் பரப்பில் எவ்வளவை வண்டிகள் அடைத்திருக்கின்றன என்று அளக்கலாமே என்று எழுதினார்கள். எங்கள் வகுப்பில் அது ‘கூடுதல் வாசிப்பு’. அதாவது யாரும் வாசிக்க மாட்டார்கள்.

அடுத்தது வண்டி எண்ணும் சர்வே. டாலி ஷீட் செருகிய கிளிப்போர்டோடு ஜங்ஷனில் நின்று வண்டிக்கு ஒரு கோடு போட வேண்டும். பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு வரிசை. நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே. பீக் அவரில் டூவீலர் கட்டம் நிரம்பி மார்ஜினுக்கு ஏறிவிடும். ஷேர் ஆட்டோவை எந்தக் கட்டத்தில் போடுவது என்று பெரிய விவாதம் நடக்கும். காலையில் நின்ற பேட்ச் ஆட்டோவில் போட்டிருக்கும், மதியம் வந்த பேட்ச் வேனில் போட்டிருக்கும். உள்ளே பத்துப் பேர் மடிமேல் மடியாக உட்கார்ந்திருந்தாலும் சரி, டிரைவர் மட்டும் இருந்தாலும் சரி, ஷீட்டில் ஒரு கோடு. புட்போர்டில் தொங்கிக்கொண்டு போகும் பஸ்ஸும் டிப்போவுக்குத் திரும்பும் காலி பஸ்ஸும் ஒரே கோடு. ரோட்டைக் கடக்கிறவர்களுக்கு எங்கள் ஷீட்டில் கட்டமே கிடையாது. கட்டம் இல்லாததால் அவர்கள் ரிப்போர்ட்டிலும் இல்லை.

பிறகு இந்தக் கோடுகளையெல்லாம் பிசியு (பாசஞ்சர் கார் யூனிட்) ஆக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு வண்டியும் எத்தனை காருக்குச் சமம். நகரச் சாலைகளுக்கான ஐஆர்சி 106, இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1990ல் கொண்டுவந்த கையேடு. அதன்படி மொத்த வண்டிகளில் பஸ்ஸும் லாரியும் 5 சதவீதம் என்றால் ஒரு பஸ் 2.2 கார். 10 சதவீதமோ அதற்கு மேலோ போனால் 3.7 கார். ரோட்டில் பஸ் கூடினால் ஒவ்வொரு பஸ்ஸின் ‘குற்றமும்’ கூடுகிறது!

ஒரு எளிய கணக்கு. ஒரு மணி நேரத்தில் 2,000 பேர் போக வேண்டும். பஸ்ஸுக்கு 50 பேர் என்றால் 40 பஸ். கடுமையான 3.7ஐயே போட்டாலும் 148 பிசியு. அதே 2,000 பேர் காருக்கு ஒன்றரைப் பேராகப் போனால் 1,333 கார், 1,333 பிசியு. ஒன்பது மடங்கு. ஆனால் நம் ரிப்போர்ட்டில் 2,000 என்ற எண் எங்கேயும் வராது. பிசியுவைக் கூட்டுவோம். நடுவே தடுப்புள்ள நாலு லேன் பிரதான சாலைக்கு மணிக்கு 3,600 பிசியு என்று கையேடு சொல்கிறது, அதைத் தாண்டிவிட்டதா? தாண்டினால் அகலப்படுத்து, இல்லை மேம்பாலம் போடு. 2021ல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதும் பஸ்ஸுக்குள் எத்தனை பெண்கள் புதிதாக ஏறினார்கள்! எங்கள் டாலி ஷீட்டுக்கு அது தெரியவே தெரியாது.

பிசியுவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பச்சை விளக்கு எத்தனை விநாடி எரிய வேண்டும் என்று கணக்குப் போட, எந்த வண்டி எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று தெரிந்தாக வேண்டும். இந்தியச் சாலைகளின் கொள்ளளவுக் கையேடான இந்தோ-எச்சிஎம் 2017 நம்மூர் ரோடுகளிலேயே டேட்டா எடுத்து இந்த எண்களைச் செப்பனிட்டது, நல்ல காரியம். வண்டிக்குள் எத்தனை பேர் என்று பார்க்கும் ஆக்குபன்ஸி சர்வேயும் புத்தகத்தில் உண்டு. ரெண்டு மார்க் கேள்வி. 2006ல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை வண்டிகளைவிட மனிதர்களை நகர்த்துவதே முக்கியம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அதை யூனிட் ஒன்றில் மனப்பாடம் செய்துவிட்டு, யூனிட் மூன்றில் திரும்பவும் காரில் எண்ணுகிறோம்.

டெல்லியில் 2008ல் பஸ்ஸுக்கென்று தனி வழி விட்டார்கள். அதன் வடிவமைப்பில் குறைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அப்போது ஊரெல்லாம் ஒலித்தது பக்கத்து லேனில் நின்ற காரின் தாமதம்தான். 2016ல் இடித்தாயிற்று.

சிக்னலிலும் இதே கதை. சிக்னலின் ஒரு சுற்று எத்தனை விநாடி என்று கணக்கிட வெப்ஸ்டர் என்பவர் 1958ல் கொடுத்த சூத்திரத்தில், ஜங்ஷனுக்கு வரும் நெரிசல் கொள்ளளவை எட்டினால் வகுக்கும் இடத்தில் பூஜ்யம் வந்துவிடும், விடையே கிடையாது. நம் பீக் அவர் நிலைமை பல இடங்களில் அதுதான். அப்போது டிராஃபிக் போலீஸ்காரர் மேனுவலில் போட்டு, க்யூவின் வால் தெரியும்வரை பச்சையை நீட்டுவார். வண்டிகளின் கணக்குப்படி அவர் செய்வது சரி. ஆனால் அத்தனை நேரம் பிளாட்பாரத்தில் நின்றவருக்கு வாய்க்கும்போது கிடைப்பது சில விநாடி. விநாடிக்கு 1.2 மீட்டர் என்ற பாடப்புத்தக வேகத்தில் நடந்தாலே 14 மீட்டர் ரோட்டைக் கடக்க 12 விநாடி வேண்டும். முட்டிவலிக்காரர் அந்த வேகத்தில் எங்கே நடப்பார்? போதாததற்கு ஜீப்ரா கிராஸிங் மேலேயே டூவீலர் நிற்கும், அதைச் சுற்றிப் போக வேண்டும்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் சாஃப்ட்வேரில் இன்னொரு மேம்பாலம் வரைவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யலாம். உங்கள் காலேஜ் பஸ் ஸ்டாப் இருக்கும் ரோட்டையே எடுங்கள். டாலி ஷீட்டில் மூன்று கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: பஸ்ஸில் எவ்வளவு கூட்டம் (காலி, சீட் நிறைந்தது, நின்றுகொண்டு, புட்போர்டு), காரில் எத்தனை தலை, குறுக்கே நடந்தவர் எத்தனை. கடைசி அத்தியாயத்தில் பிசியு அட்டவணையையும் ஆள் அட்டவணையையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். வைவாவில் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கொஞ்சம் முறைப்பார், பரவாயில்லை. ஷீட்டின் மாதிரி என்னிடம் இருக்கிறது, இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன்.