அந்தப் படிக்கட்டுச் சுவர்

அந்த வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பழைய மாளிகையின் வளைந்த படிக்கட்டு, மேலிருந்து மணமக்கள் இறங்கி வருகிறார்கள், இரண்டு பக்கமும் ரோஸ் நிறப் புகை. அழகாகத்தான் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. மறுநாள் காலை அந்தச் சுவரைப் போய்ப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு ரோஸ் கறை. இனி அந்தப் படிக்கட்டைப் படம் எடுக்க யாருக்கும் தருவதில்லை என்று நிர்வாகம் முடிவெடுத்துவிட்டது. மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை. அங்கே புகை விட்டது தப்பு என்று நான் சொன்னதற்குப் பலர் கேள்வி கேட்டு எழுதுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

"ஒரு சுவருக்கா இவ்வளவு? தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போகாதா?" என்று கேட்கிறார்கள். போகாது. அது சுண்ணாம்புப் பூச்சு. நுண்துளைகள் நிறைந்தது, ஈரத்தை உள்ளே இழுத்து மெல்ல வெளியே விடும். ஸ்மோக் பாமில், அதாவது கொளுத்தினால் நிறப் புகை கக்கும் குப்பியில், இருப்பது நிறச்சாயம். அதன்மேல் தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் சாயம் இன்னும் ஆழத்துக்குத்தான் போகும். சரி, மேலே பெயின்ட் அடித்துவிடலாமே என்றால் அது அதைவிட மோசம். இன்றைய பிளாஸ்டிக் பெயின்ட் சுவரின் மூச்சை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே தங்கி, சில வருடங்களில் பூச்சு உப்பிப் பாளம் பாளமாக விழும். ஒரு நிமிட ரீல்ஸுக்காக ஒரு சுவரின் ஆயுளையே குறைத்திருக்கிறோம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பழைய கட்டடத்தில் படம் எடுக்கப் போகிறவர் அங்கே விருந்தாளி. வாடகை கட்டியிருந்தாலும் விருந்தாளிதான். வீட்டுக்காரர் இல்லை.

பதினைந்து வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கும் தொழிலில் இருக்கிறேன். அந்தப் படிக்கட்டில் மட்டும் எத்தனை மணப்பெண்களை நிறுத்தியிருப்பேன் என்று கணக்கே இல்லை. மேற்குப் பார்த்த உயரமான சன்னல் ஒன்று அங்கே இருக்கிறது. மாலை நாலு மணிக்கு மேல் அதில் வரும் வெளிச்சத்தை எந்த சாப்ட்பாக்ஸாலும் (விளக்கொளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி) கொடுக்க முடியாது. சன்னல் பெரியது என்பதால் நிழலின் ஓரம் மென்மையாக விழும். மூன்றாவது படியில் நிறுத்தி முகத்தைச் சற்றே சன்னல் பக்கம் திருப்பச் சொல்லி, மேலே எரியும் விளக்குகளை அணைக்கச் சொல்வேன். அதை மட்டும் மறந்துவிடக் கூடாது. ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். அந்த பல்புகள் 3000 கெல்வினுக்குப் பக்கத்தில், பகல் வெளிச்சமோ 5500 வாக்கில். இரண்டும் கலந்தால் ஒரு கன்னம் மஞ்சள், மறு கன்னம் நீலம். அப்புறம் கேமராவை அண்ணாந்து பார்க்க வைக்காமல் மட்டமாகப் பிடித்தால் தூண்கள் நேராக நிற்கும். கேமராவின் ஒளி உணர்திறனைக் கூட்ட ஐஎஸ்ஓ 1600, முகத்துக்கு ஏற்ற 85 எம்எம் லென்ஸ், அவ்வளவுதான். இதற்கு எதைக் கொளுத்த வேண்டியிருந்தது?

"வெளிச்சக் கற்றை தெரிய வேண்டுமென்றால் காற்றில் ஏதாவது இருக்கத்தானே வேண்டும்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. தூசியோ புகையோ பனியோ இல்லாமல் கற்றை தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். வெளியே திறந்த புல்வெளி இருக்கிறது, மரங்களுக்கு நடுவே வெயில் இறங்குகிறது, அங்கே போய் எடுக்கலாம். கூரை போட்ட இடத்துக்குள், சுண்ணாம்புச் சுவருக்கு இரண்டடி தள்ளி எதற்கு?

இன்னொருவர், "அந்தக் காலத்து போட்டோகிராபர்களும் பொடியைக் கொளுத்தித்தானே எடுத்தார்கள்" என்று பெரிய கண்டுபிடிப்புபோல எழுதியிருக்கிறார். ஆமாம், கொளுத்தினார்கள். 1887-ல் ஜெர்மனியில் மக்னீசியம் கலந்த பிளாஷ் பொடி வந்தது. அதனால் கைகள் கருகின, உயிர்களும் போயின. 1930 வாக்கில் கண்ணாடிக் குமிழுக்குள் எரியும் பிளாஷ் பல்பு வந்ததும் தொழிலே மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. இருட்டிலும் படம் பிடிக்கும் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி நெருப்பைத் தேடிப் போகிறோம்.

நெருப்பு என்று சும்மா சொல்லவில்லை. 2023 செப்டம்பர் 26 அன்று இராக்கின் கராகோஷ் ஊரில் ஒரு திருமண மண்டபத்தில், மணமக்கள் ஆடும்போது கொளுத்திய பூவாணங்களின் பொறி கூரை அலங்காரத்தில் பற்றியது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அது இந்தக் காலத்து மண்டபம். நூறு வருடம் காய்ந்த மரக்கூரைக்குக் கீழே அதைச் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தீர்களா? புகைக் குப்பியும் உள்ளே எரிந்துதான் புகையைத் தருகிறது. கையில் பிடித்தால் சூடு தெரியும்.

பிளாஷ் பற்றியும் கேட்டார்கள், அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பிளாஷ் வெட்டினால் ஓவியம் வெளிறிவிடும் என்று நான் சொல்லவில்லை. அந்த ஒரு கணத்து வெளிச்சம் மிகக் குறைவு. ஆனால் மணிக்கணக்கில் எரியவிடும் வீடியோ விளக்கு வேறு கதை. ஒளி செய்யும் சேதம் சேர்ந்துகொண்டே போவது, திரும்பச் சரிசெய்ய முடியாதது. பழைய துணி, காகிதம் போன்றவற்றுக்கு 50 லக்ஸுக்கு (மேலே விழும் வெளிச்சத்தின் அளவு) மேல் வேண்டாம் என்று அருங்காட்சியகங்கள் வைத்திருப்பது அதனால்தான். பழைய திரைச்சீலைக்கு எதிரே இரண்டு எல்இடி பேனலை ஆறு மணி நேரம் நிறுத்துகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

"அப்படியானால் பழைய கட்டடத்தில் கல்யாணமே கூடாது என்கிறீர்களா?" இல்லை. ஐயோ, இல்லவே இல்லை. ஆள் புழங்காத கட்டடம் சீக்கிரம் செத்துவிடும். கூரை ஒழுகினால் யாருக்கும் தெரியாது, சன்னல் உடைந்தால் மாற்ற ஆள் இருக்காது. பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய 1964-ன் வெனிஸ் சாசனமே, நினைவுச் சின்னங்களைச் சமூகத்துக்குப் பயனுள்ள வேலைக்குக் கொடுத்தால் அவற்றைப் பாதுகாப்பது எளிதாகும் என்று சொல்கிறது. கூடவே ஒரு நிபந்தனையும் வைக்கிறது: அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றக் கூடாது. அந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். கல்யாணம் நடக்கட்டும், சிரிப்புச் சத்தம் அந்தக் கூடத்தில் கேட்கட்டும். விருந்தாளியாகப் போங்கள், அது போதும்.

நான் தப்பே செய்யாதவள் இல்லை. தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம், வேறொரு பழைய வீட்டில், அவசரத்தில் லைட் ஸ்டாண்டைத் தூக்காமல் இழுத்தேன். ஸ்டாண்டின் காலில் ரப்பர் கழன்றிருந்ததைக் கவனிக்கவில்லை. மரத் தரையில் முழ நீளத்துக்குக் கீறல். அங்கே காவலுக்கு இருந்த பெரியவர் திட்டுவார் என்று நின்றேன். அவர் குனிந்து விரலால் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "நான் தினமும் துடைக்கிற இடம்மா இது" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன். இன்றுவரை என் பையில் நாலு ஸ்டாண்டுக்கும் மாற்று ரப்பரும், விரிக்க ஒரு தடித்த துணியும் இல்லாமல் வெளியே கிளம்பியதில்லை.

இதையெல்லாம் என்னிடம் வேலை பார்த்த எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன். புகை விட்ட அந்தக் குழுவில் கேமரா பிடித்தவன் என்னிடம் மூன்று வருடம் இருந்த தம்பி. பெயர் சொல்ல மாட்டேன், நீங்களும் கமென்டில் எழுத வேண்டாம். அந்தச் சன்னலை அவனுக்குக் காட்டியதே நான். "அக்கா, இந்த வெளிச்சம் கையில பிடிக்கிற மாதிரி இருக்குக்கா" என்று சொன்ன பையன். அந்த வெளிச்சத்தையே புகையால் மூடியிருக்கிறான். கோபம்கூட அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வேறு ஒன்று.

நேற்றிலிருந்து எனக்குப் பொறாமை என்று எழுதுகிறார்கள். அவன் வீடியோவை இலட்சம் பேர் பார்த்துவிட்டார்களாம், என் படங்களை யாரும் பார்ப்பதில்லையாம். இருக்கட்டும். என் படங்களைப் பார்க்க வேண்டியவர்கள் ஒரு குடும்பத்தில் நாற்பது பேர், அவர்கள் பார்க்கிறார்கள். என் அப்பா அம்மா கல்யாணத்துக்கு ஒரே ஒரு படம்தான் உண்டு. ஒரு பழைய வீட்டின் கதவுக்கு முன்னால் இரண்டு பேரும் விறைத்துக்கொண்டு நிற்பார்கள். அந்த வீடு இப்போது இல்லை. அம்மா அந்தப் படத்தை எடுத்தால் தன் முகத்தைப் பார்ப்பதில்லை, கதவைத்தான் பார்ப்பார். அந்தக் கதவின் பித்தளை வளையம் எப்படிச் சத்தம் போடும் என்று சொல்வார். பின்னால் இருக்கும் சுவருக்கு என்ன மதிப்பு என்று கேட்கிறவர்களுக்கு இதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

மணமக்கள்மேல் தப்பில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர்கள் கேட்டதாகவே இருந்தாலும், "இங்கே வேண்டாம், தோட்டத்தில் செய்யலாம்" என்று சொல்ல வேண்டியது நம் வேலை. அதற்கும் சேர்த்துத்தான் நாம் பணம் வாங்குகிறோம்.

கடைசியாக ஒரு உதவி. பூச்சு வேலை தெரிந்த ஒருவர் வந்து சுவரைப் பார்த்தார். கெட்டுப்போன பகுதியைச் சுரண்டிப் புதிதாகச் சுண்ணாம்பு பூசலாம், ஆனால் பழைய நிறம் சரியாக எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும் என்றார். அந்தப் படிக்கட்டில் படம் எடுத்தவர்கள் யாராக இருந்தாலும், எடிட் செய்யாத ரா பைல் (கேமரா பதிவுசெய்தபடியே இருக்கும் கோப்பு) இருந்தால் எனக்கு அனுப்புங்கள். பகல் வெளிச்சத்தில் எடுத்தது, விளக்கு எரியாதது, பில்டர் போடாதது. என்னிடம் இருப்பதில் பாதி ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கோடு போய்விட்டது. அந்தத் தம்பியிடம் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவன் அந்தச் சுவரை மட்டும் முப்பது தடவை எடுத்தான். காலையில் இரண்டு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இதைப் படித்தால் கூப்பிடு தம்பி. திட்ட மாட்டேன்.